செயற்கை இடுப்பு மூட்டைத் தந்த ஜான் சார்ன்லி: உள்ளே உலோகம் இருந்தும் எலும்பு ஏன் உடைகிறது?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவராவது இருப்பார். உலகெங்கும் ஆண்டுக்கு 1 மில்லியனுக்கும் அதிகமானோர் அதைச் செய்துகொள்கிறார்கள். ஒரு பந்து, ஒரு கிண்ணம், தொடை எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டு. இந்த மூன்றையும் சேர்த்து நம்பகமான சிகிச்சையாக ஆக்கியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் இறந்து 40 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு யாரென்று தெரியாது.

எனக்கும் தெரியாது, என் பாட்டி கீழே விழும்வரை.

பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாற்றிச் சில வருஷம் ஆகியிருந்தது. நன்றாக நடந்தார், தனியாகச் சந்தைக்குப் போய்வந்தார். ஒருநாள் சமையலறையில் கால் வழுக்கி விழுந்தார். பெரிய விழுகை ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. எக்ஸ்-ரேயில் பார்த்தால் உலோகம் அப்படியே பளிச்சென்று இருந்தது. அதைச் சுற்றியிருந்த தொடை எலும்பு சுருள் சுருளாகப் பிளந்திருந்தது. உள்ளேதான் இரும்பு இருக்கிறதே, பிறகு எப்படி உடையும் என்று அம்மா டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், நேராக சார்ன்லியின் வாழ்க்கைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் மகன்

இங்கிலாந்தின் லங்காஷியர் வட்டாரம். பருத்தி ஆலைகள் நிறைந்த பகுதி. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பரி நகரில் 1911 ஆகஸ்ட் 29-ஆம் தேதி பிறந்தார் சார்ன்லி. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா தாதிமைப் பயிற்சி பெற்றவர். பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றிப் பார்ப்பதில், செய்து பார்ப்பதில் ஆர்வம். மான்செஸ்டரில் மருத்துவம் படித்து 1935-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அறுவை சிகிச்சை நிபுணருக்கான தேர்விலும் தேறினார். அப்போது அவருக்கு வயது 25.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து டன்கர்க் மீட்பைப் பார்த்தார். பிறகு கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே எலும்பு மருத்துவப் பிரிவோடு ஒரு பட்டறையும் இருந்தது. உடைந்த காலைத் தாங்கிப்பிடிக்கும் கருவிகளை அங்கேயே வடிவமைத்துச் செய்ய வைத்தார். மருத்துவரும் பட்டறைத் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் அங்கேதான் ஊறியது என்று எனக்குத் தோன்றுகிறது. கடைசிவரை அவர் அப்படித்தான் வேலை செய்தார்.

போர் முடிந்தபின் ஒரு விபரீதமான காரியம் செய்தார். எலும்பு எப்படி ஒட்டி வளர்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. மற்றவர் காலில் சோதிக்க மனம் வரவில்லை. சக மருத்துவர் ஒருவரைச் சம்மதிக்க வைத்துத் தன் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பில் அறுவை செய்யச் சொன்னார். கிருமி தொற்றி எலும்பு புண்ணாகிவிட்டது. மீண்டும் அறுவை செய்ய வேண்டி வந்தது. இப்படிப்பட்ட ஆள்.

முதலில் அவர் எலும்பு முறிவு மருத்துவர்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடுப்பு மூட்டுக்கு வருவதற்கு முன்பே சார்ன்லி எலும்பு முறிவில் பெயர் எடுத்தவர். 1950-இல், கத்தி வைக்காமல் கைகளாலும் மாவுக்கட்டாலும் எலும்பு முறிவைச் சரிசெய்வது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எலும்பு மருத்துவம் படித்த பல தலைமுறையினர் அதைப் படித்திருக்கிறார்கள்.

அதன் மையக் கருத்து எளிமையானது. எலும்பு உடையும்போது அதைச் சுற்றியுள்ள சதையும் சவ்வும் எல்லாப் பக்கமும் கிழிவதில்லை. ஒரு பக்கம் மிச்சம் இருக்கும். கதவுக்குக் கீல் மாதிரி. அந்தக் கீலை இறுக்கிப் பிடிக்கும்படி மாவுக்கட்டைப் போட்டால், எலும்பு தானாகவே இடத்தில் நிற்கும். எலும்பு என்பது வெறும் கம்பு இல்லை, சுற்றியிருப்பவற்றோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. பின்னாளில் அவரே அந்த எலும்புக்குள் உலோகத்தை இறக்கப் போகிறார் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், இந்த இடம் சுவாரசியமாக இருக்கும்.

கிரீச்சென்ற இடுப்பு

1940-களில் பாரிஸைச் சேர்ந்த ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஒரு பந்து செய்து, தேய்ந்த தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைத்தார்கள். சார்ன்லியிடம் வந்த ஒருவருக்கு அப்படிப்பட்ட மூட்டு இருந்தது. அவர் குனியும்போதெல்லாம் இடுப்பு கிரீச்சென்று சத்தம் போட்டது. வீட்டில் மனைவியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லையாம்.

நாமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். சார்ன்லி உராய்வைப் பற்றி யோசித்தார். சத்தம் வருகிறது என்றால் எதிரே இருக்கும் எலும்பை அந்தப் பிளாஸ்டிக் பிடித்து இழுக்கிறது. இழுக்க இழுக்கப் பொருத்திய பகுதி தளர்ந்துபோகும். இயற்கையான மூட்டின் உராய்வை அளந்து பார்த்தார். பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு! அந்த வழுவழுப்பை உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் கொண்டுவர முடியுமா என்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை.

1950-களின் இறுதியில் மான்செஸ்டரின் பெரிய மருத்துவமனையை விட்டுவிட்டு, விகன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனைக்குப் போனார். அது முன்பு காசநோயாளிகளுக்கான இடம். நகரத்து நண்பர்களுக்கு அது புத்திசாலித்தனமான முடிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் அங்கே அவருக்கு இடுப்பு மூட்டுக்கென்றே ஒரு பிரிவு கிடைத்தது, கூடவே ஒரு பட்டறையும்.

மூன்று விஷயங்களை ஒன்றாகச் சேர்த்தார். ஒன்று, பந்தைச் சின்னதாக்கினார். இயற்கையான பந்தில் ஏறக்குறைய பாதி அளவு, 22 மில்லிமீட்டர்தான். பந்து சின்னதாக இருந்தால் அது திரும்பும்போது கிண்ணத்தைப் பிடித்துத் திருகும் விசை குறையும். இரண்டு, எதிரே உலோகம் இல்லாமல் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம். மூன்று, சிமெண்ட். பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் பொருளை மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியின் டென்னிஸ் ஸ்மித் அவருக்கு எடுத்துச் சொன்னார். அது பசை இல்லை, தெரியுமா? எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு சந்திலும் புகுந்து இறுகி, உடம்பின் பாரத்தை எலும்பு முழுவதும் பரப்பிவிடும். தரை ஓடுகளுக்கு நடுவே பூசுவோமே, அந்த மாதிரி.

சுமார் 300 பேருக்கு வைத்தது தோற்றது

முதலில் கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள். சில கிண்ணங்களைத் தானே கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்தார். வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1961-இல் லான்செட் மருத்துவ இதழில் உற்சாகமாக அறிவித்தார்.

ஓரிரண்டு ஆண்டுகளில் எல்லாம் பாழானது. டெஃப்லான் வேகமாகத் தேய்ந்தது. உலோகப் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டே மேலே போனது. அதைவிட மோசம், தேய்ந்த தூள். உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போட, மூட்டைச் சுற்றிப் பாலாடை மாதிரி ஒரு பொருள் சேர்ந்து எலும்பையே அரித்தது. ஏறத்தாழ 300 பேருக்கு அந்தக் கிண்ணத்தை வைத்திருந்தார். அவர்களைத் திரும்ப அழைத்து, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த அறுவைகளைச் சார்ன்லியே செய்தார்.

தூளின் பாதிப்பைத் தெரிந்துகொள்ள அதைத் தன் தொடையிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார். மாதங்கள் போனபின் அங்கே கட்டிகள் தோன்றின. இதையும் எழுதி வெளியிட்டார்.

1962-ஆம் ஆண்டு. ஆலைத் தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்படும் ஒரு பிளாஸ்டிக்கை விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்டன் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்தார், பள்ளம் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிநாடு போய்விட்டார். பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் சும்மா இருக்கவில்லை. அந்தத் துண்டைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் 24 மணி நேரத்தில் தேய்ந்த அளவுக்குக்கூட இது 3 வாரத்தில் தேயவில்லை! திரும்பி வந்த சார்ன்லி பார்த்தார், வாதாடவில்லை. அந்த நவம்பரிலேயே பாலிஎத்திலீன் கிண்ணம் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்றைக்கும் பெரும்பாலான செயற்கை இடுப்பு மூட்டுகளில் இருப்பது அதன் வாரிசுதான். என்னைக் கேட்டால், சார்ன்லிக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு கிரேவனுக்குப் போக வேண்டும்.

விற்க விடமாட்டேன் என்றவர்

ஒருமுறை சூடுபட்டவர், அப்புறம் அவசரப்படவே இல்லை. தயாரிப்பு நிறுவனத்திடம் ஒரு நிபந்தனை வைத்தார். ரைட்டிங்டனில் வந்து முறையைக் கற்றுக்கொண்ட மருத்துவருக்குத்தான் இந்த மூட்டை விற்க வேண்டும். பல ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. ஆணவம் பிடித்தவர் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

அறுவைக்குப் பின் கிருமித் தொற்று இன்னொரு தலைவலி. ஆரம்பத்தில் 100 பேரில் சுமார் 7 பேருக்கு வந்தது. அறுவை மேசையைச் சுற்றிக் கண்ணாடி அறை மாதிரி ஒன்றைக் கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினார். மருத்துவர்கள் மூச்சுக் காற்று வெளியே போகக் குழாய் வைத்த உடையை அணிந்தார்கள். பார்க்க விண்வெளி வீரர் மாதிரி இருக்கும். தொற்று 100-க்கு 1-க்கும் கீழே இறங்கியது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நோயாளிகளிடம், இறந்தபின் அந்த மூட்டையும் சுற்றியுள்ள எலும்பையும் ஆராயத் தரமுடியுமா என்று கேட்பார். நேரில், வெட்கப்படாமல். பலர் சம்மதித்தார்கள். 20 ஆண்டு கழித்து எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

1957-இல், 45 வயதில், ஜில் என்பவரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். 1974-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது, 1975-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1977-இல் சர் பட்டம். 1982 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, 71-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது காலமானார்.

சரி, எலும்பு ஏன் உடைகிறது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1970-களில் சார்ன்லியின் சில நோயாளிகளுக்கு உலோகத் தண்டே உடைந்தது. தண்டின் மேல்பகுதி தளர்ந்து கீழ்ப்பகுதி மட்டும் இறுகியிருந்தால், ஒவ்வோர் அடிக்கும் அது வளைந்து வளைந்து களைத்துப்போகும். தண்டைத் தடிமனாக்கி அதைச் சரிசெய்தார். இன்று அது அரிது. பாட்டிக்கு நடந்தது அது இல்லை. உலோகம் நன்றாக இருக்க, சுற்றியுள்ள எலும்பு உடைவது வேறு விஷயம்.

சார்ன்லிக்கு அதுவும் தெரிந்திருந்தது. சிமெண்ட் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உடைந்த எலும்பு மறுபடி ஒட்டுமா என்பது பற்றி 1966-லேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆனால் அன்றைக்கு மூட்டு வைத்துக்கொண்டவர்கள் இன்றளவுக்கு நீண்ட காலம் அதோடு வாழவில்லை. எண்ணிக்கையும் குறைவு. பிரச்சினை பெரிதாகத் தெரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

ஒரு சோதனை செய்து பாருங்க. பபிள் டீ குடிக்கும் தடித்த ஸ்ட்ராவுக்குள் பாதிவரை ஒரு சாப்ஸ்டிக்கை நுழையுங்கள். இப்போது வளையுங்கள். ஸ்ட்ரா எங்கே மடங்கும்? சாப்ஸ்டிக்கின் நுனி முடிகிற இடத்தில். தொடை எலும்பும் அப்படித்தான். எலும்பு கொஞ்சம் வளையும், உலோகம் அவ்வளவு வளையாது. இரண்டும் பிரியும் இடத்தில் பாரம் குவிகிறது.

அடுத்தது, எலும்பு சோம்பேறி. பாரம் தாங்கினால்தான் வலுவாக இருக்கும். தண்டு பாரத்தைச் சுமந்துகொண்டால், மேல்பகுதி எலும்புக்கு வேலை இல்லாமல் மெலிந்துபோகும். அதோடு வயது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது காரணம்தான் கதையின் திருப்பம். 1970-களில், சிமெண்ட் வைத்த மூட்டுகளைச் சுற்றி எலும்பு கரைந்துபோவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். குற்றவாளி சிமெண்ட் என்று முடிவுகட்டி, அதற்குச் சிமெண்ட் நோய் என்று பெயரும் வைத்தார்கள். சிமெண்ட் இல்லாமல், எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கும் தண்டுகள் வந்தன. எலும்பே அவற்றின் சொரசொரப்பான மேற்பரப்பில் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பார்த்தால், அந்த மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தது! உண்மையான குற்றவாளி, பெரும்பாலும், கிண்ணத்திலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத பாலிஎத்திலீன் தூள். டெஃப்லானில் ஓரிரு ஆண்டில் நடந்தது இதில் மெதுவாக 10, 15 ஆண்டுகளில் நடந்தது. 1990-களின் கடைசியில் வந்த, கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட புதுவகைப் பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது.

ஆனால் சிமெண்ட் இல்லாத தண்டுக்கு ஒரு விலை உண்டு. மெலிந்த எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கும்போது, அறுவை மேசையிலேயே கீறல் விழலாம். அல்லது முதல் சில வாரங்களில் உடையலாம். அதனால்தான் எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு, குறிப்பாகப் பாட்டிமாருக்கு, இன்றும் பல மருத்துவர்கள் சிமெண்ட் வைத்த தண்டையே விரும்புகிறார்கள். சிமெண்ட் வைத்தாலும் ஆபத்து அடியோடு போய்விடாது; குறையும், அவ்வளவுதான்.

வான்கூவர் சொன்ன மூன்று எழுத்துகள்

டாக்டர் பாட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு பி2 என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 1995-இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டங்கன், மஸ்ரி என்ற இரு மருத்துவர்கள் வகுத்த முறை அது.

ஏ என்றால் தொடை எலும்பின் மேலே தசைகள் பிடிக்கும் முடிச்சுப் பகுதியில் முறிவு. (சார்ன்லி தன் அறுவையில் அந்த முடிச்சை வேண்டுமென்றே அறுத்துத் திறந்து, பிறகு கம்பியால் கட்டுவார்!) சி என்றால் தண்டின் நுனியைத் தாண்டி வெகு கீழே. அதைச் சாதாரண எலும்பு முறிவு மாதிரியே தகடு வைத்துப் பொருத்தலாம். நடுவில் இருக்கும் பி-தான் சிக்கல். முறிவு தண்டைச் சுற்றியோ அதன் நுனிக்குப் பக்கத்திலோ இருக்கும். இங்கே மருத்துவர் கேட்கும் முக்கியக் கேள்வி, தண்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான். இறுக்கமாக இருந்தால் பி1. தகடும் உலோகக் கயிறும் போதும். தளர்ந்துவிட்டால் பி2. பழைய தண்டை எடுத்துவிட்டு, முறிவைத் தாண்டிக் கீழே போகும் நீளமான தண்டை வைக்க வேண்டும். தளர்ந்ததோடு எலும்பும் தேறாது என்றால் பி3. அது பெரிய வேலை.

பி1-ஆ பி2-ஆ என்று தப்பாகக் கணித்து, தளர்ந்த தண்டின் மேல் வெறும் தகடு மட்டும் வைத்தால் அது தோற்கும். சில நேரம் எக்ஸ்-ரே போதாது. முந்தைய படங்களோடு ஒப்பிட வேண்டும், சில நேரம் அறுவை மேசையில்தான் உறுதியாகும். எனவே பழைய எக்ஸ்-ரேக்களையும் எந்த வகை மூட்டு வைத்தார்கள் என்ற குறிப்பையும் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். எங்களிடம் அது கைவசம் இல்லாமல் அலைந்தோம்.

முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வழக்கமான இடுப்பு எலும்பு முறிவுக்கு நிகரான ஆபத்து. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல், ரத்தக்கட்டு, தசை இழப்பு என்று பிரச்சினைகள் சேரும்.

நல்லா நடந்துகொண்டிருந்தவருக்குப் புதிதாகத் தொடையிலோ கவட்டியிலோ வலி வந்தால், அதுவும் உட்கார்ந்து எழுந்து முதல் சில அடி வைக்கும்போது வலித்தால், வயசாச்சு என்று விட்டுவிடாதீங்க. தண்டு தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். வலியே இல்லாவிட்டாலும் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள், ஏனென்றால் எலும்பு கரைவது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நடக்கும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தார்களா என்றும் கேளுங்கள். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு. வீவக வீடு என்றால் மூத்தோருக்கான ஈஸ் திட்டத்தில் கைப்பிடிகளைப் பொருத்திக்கொள்ளலாம்.

பாட்டிக்கு நீளமான தண்டு வைத்தார்கள், சுற்றி மூன்று உலோகக் கயிறு. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மீண்டும் நடக்க நான்கு மாதம் ஆனது. அந்த எக்ஸ்-ரேயின் படம் இன்னும் அம்மாவின் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பாட்டியிடம் காட்டி, சார்ன்லியின் கதையைச் சொன்னேன். தொடையில் ஊசி போட்டுக்கொண்ட இடம் வந்ததும், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் யாரும் திட்டவில்லையா என்று கேட்டார்.